ஹேண்டில் விலை 1,500, மீதிச் செலவு?

கேள்வி: என் உயரம் ஆறடி ஒரு அங்குலம். 350 சிசி வண்டி. சென்னை கொளத்தூரிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய் வருவதற்குள் தோளும் முதுகும் கழன்றுவிடுகின்றன. நான்கு அங்குலம் உயரமான ஹேண்டில் பார் ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்கிறான் நண்பன். வாங்கலாமா?

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. ஹேண்டிலைப் பிடித்திருப்பது பெரும்பாலும் நான்கு போல்ட்தான். ஆனால் ஹேண்டில் நான்கு அங்குலம் ஏறினால் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்விட்ச் ஒயர்கள், முன் பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) எல்லாமே கூட ஏற வேண்டும். அவற்றின் நீளம் பழைய ஹேண்டிலுக்கு வெட்டியது. 1,500 ரூபாய் வெறும் ஹேண்டில் குழாய்க்கு மட்டும்.

எனவே பணம் கட்டும் முன் ஒரு சோதனை. பெட்ரோல் டேங்க் மேல் பழைய போர்வையை மடித்துப் போடுங்கள். போல்ட்டுகளைக் கழற்றி, கேபிள் எதையும் பிரிக்காமல், ஹேண்டிலை அப்படியே நான்கு அங்குலம் தூக்கி நண்பரைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் டப்பா சாயக் கூடாது. சாய்ந்தால் உள்ளே காற்று போகும். இப்போது சக்கரத்தை இடக்கோடி, வலக்கோடி வரை திருப்பி, ஹேண்டிலும் கூடவே திரும்பினால் எது விறைக்கிறது என்று பாருங்கள். கேபிள்கள் மட்டும் என்றால் நீளமானவை வாங்கி நீங்களே மாற்றலாம். ஒயர் என்றால் ஹெட்லைட்டுக்குள் சுருட்டி வைத்திருப்பதைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினால் நம் ஊர் நவம்பர் மழை சும்மா விடாது.

பிரேக் ஹோஸ் விறைத்தால் வீட்டு வேலை அங்கேயே முடிந்தது. நீளமான ஹோஸ், அதன் இரு முனைக்கும் புது வாஷர், அப்புறம் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுப்பது’ என்று போகும் வேலை அது. ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பெட்ரோல் டேங்க் மேல் பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் வெந்துவிடும். இதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

எனக்கென்னவோ உங்களுக்கு நான்கு அங்குலம் தேவையில்லை என்றே தோன்றுகிறது. உயரமானவர் குனிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஹேண்டில் எட்டத்தில் இருப்பதுதான். சற்றுப் பின்னால் வளைந்து வரும் ஹேண்டில், அல்லது ஒரு அங்குல ரைசர் (ஹேண்டிலுக்கு அடியில் வைத்து உயர்த்தும் துண்டு) போதும். ரைசருக்குப் பல வண்டிகளில் கேபிள் மாற்றவே வேண்டியிருக்காது. கை ரொம்ப மேலே போனால் ஓஎம்ஆர் சாலை வேகத்தில் காற்று முழுக்க நெஞ்சில் அடிக்கும். தோள்வலிக்கு மருந்து தேடிப் போய் கை மரத்துப்போகும்.

வாங்கும்போது குழாயின் விட்டத்தைக் கேளுங்கள். இங்கே பல வண்டிகளுக்கு அது 22 மி.மீ.தான். நடுப்பகுதி மட்டும் 28.6 மி.மீ. தடித்த ஹேண்டில்களும் உண்டு. அவற்றுக்குப் பழைய கிளாம்ப் (ஹேண்டிலைக் கவ்விப் பிடிக்கும் பிடி) பொருந்தாது. ஜி.பி. ரோடு கடைகளுக்கு வண்டியோடு போய், வைத்துப் பார்த்து வாங்குவது ஆன்லைனைவிட மேல். புதுப்பேட்டையில் பழையது வேண்டாம்: விபத்தில் வளைந்ததை நிமிர்த்திப் பாலிஷ் போட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பில் வாங்குங்கள். கடைக்காரர் தகராறு செய்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

மாட்டும்போது ஸ்விட்ச் பெட்டிக்குள் சிறு குமிழ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கு ஹேண்டிலில் துளை வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் அரை அங்குலம் தள்ளித் துளைத்துவிட்டு, ஹாரன் பட்டனைத் தேடிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டினேன். முடித்ததும் நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அப்படியே ரோட்டுக்குப் போகாதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் வண்டிக் கம்பெனியே துணைப்பொருளாக விற்கும் ஹேண்டில் இருந்தால் அதையே எடுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதித் தெரிவியுங்கள். கழற்றிய ஹேண்டிலைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.