நடந்து முடித்ததும் அந்த பெஞ்சில் உட்காருங்கள்

(அறுபதைத் தாண்டியவர்கள் பூங்காவிலும் கடற்கரையிலும் செய்யும் பயிற்சிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்.)

கே: தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன் சார். வயது 68. போதாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

ப: இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விடாதீர்கள். ஆனால் சமதரையில் நடப்பதால் மட்டும் தொடை வலுவாகிவிடாது. 65-க்கு மேல் வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பலருக்குத் தெரியும். சமநிலைக்கும் வலுவுக்கும் வாரம் 3 நாளாவது தனியாகப் பயிற்சி செய்யவும் அது சொல்கிறது. அது யார் காதிலும் விழுவதில்லை.

நடந்து முடித்ததும் பூங்கா பெஞ்சில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். முடியாதவர்கள் ஊன்றியே தொடங்கலாம்; முட்டி வலி உள்ளவர்கள் உயரமான திண்டாகப் பார்க்கலாம். தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள், தசைக்கு வேலை அங்கேதான். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் பிரஷர் எகிறும்.

கே: அம்மாவுக்கு 72, எலும்பு அடர்த்தி குறைவு. பூங்காவில் இருக்கும் கருவிகளில் ஏறலாமா?
– கோவை வாசகி

ப: இடுப்பைத் திருப்பும் வட்டத் தட்டில் ஏறவே வேண்டாம். பலவீனமான முதுகெலும்பை வேகமாக முறுக்குவது வம்பு. அந்தரத்தில் நடக்கும் கருவியில் ஆடும்போது ஆபத்து குறைவு. அது நிற்பதற்குள் இறங்கும்போதுதான் விழுவார்கள். உட்கார்ந்து காலால் உந்தும் கருவி நல்லது. தன் உடல் எடையையே தள்ளுவதால் தொடைக்கு நேரடி வேலை.

கே: எட்டு போட்டு நடந்தால் எல்லா நோயும் போகுமாமே?

ப: போகாது. ஆனாலும் நடங்கள். முதியவர்கள் பலர் திரும்பும்போது தடுமாறுகிறார்கள். எட்டில் திரும்பிக்கொண்டேதான் இருக்க வேண்டும். வடக்கு தெற்கு பார்த்துப் போட வேண்டுமா என்று எனக்கு எழுதாதீர்கள்.

கூடவே, கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் 10 விநாடி நில்லுங்கள். பழகியதும் ஒரு விரல் மட்டும் கம்பியில் இருக்கட்டும்.

கே: மெரினா மணலில் வெறுங்காலோடு நடக்கிறேன். சர்க்கரை உண்டு.

ப: பாதத்தில் மரமரப்பு இருந்தால் கூடவே கூடாது. கிளிஞ்சல் கிழித்தாலும் மணல் சுட்டாலும் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் வருகிறார்கள். பின்பக்கம் வார் வைத்த செருப்போ ஷூவோ போட்டு, ஈரம் இறுகிய மணலில் நடங்கள். வீடு திரும்பியதும் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள்; குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள்.

கே: உடம்பை இழுத்து வளைப்பது முன்பா, பின்பா?

ப: பின்பு, உடம்பு சூடான பிறகு. மரத்தில் கை வைத்து ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் பதிய 30 விநாடி. கெண்டைக்கால் இழுபட வேண்டும், வலிக்கக் கூடாது.

கே: பிரஷர் மாத்திரை போடுகிறேன். பெஞ்சிலிருந்து எழுந்தால் கிறுகிறுக்கிறது.

ப: அப்படியானால் மேலே சொன்ன பெஞ்சுப் பயிற்சி இப்போது வேண்டாம். உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லி முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.