ஒரே நாளில் ஏற்கப்பட்ட கட்டுரை: வாசகர் கேள்வி பதில்

(ஓய்வு பெற்ற சட்டப் பேராசிரியர் ஒருவர் இந்தப் பகுதியில் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார். இந்த இதழில் குமரி மாவட்டத்திலிருந்து வந்த மூன்று கடிதங்கள்.)

கேள்வி: நான் தக்கலையைச் சேர்ந்தவள், திருநெல்வேலியில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பின் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் சொத்தில் சம பங்கு தந்த மேரி ராய் தீர்ப்புக்குப் பிறகு நம் மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண்மக்களுக்குச் சொத்து நடைமுறையில் எப்படிக் கிடைத்தது என்று 14,000 சொற்களில் ஒரு கட்டுரை எழுதினேன். பேராசிரியை ஆய்விதழுக்கு அனுப்பச் சொன்னதால் மூன்று இதழ்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பினேன். ஓர் இதழ் மறுநாளே ஏற்றுக்கொண்டு, 2,500 ரூபாய் கட்டினால் உடனே வெளியிட்டுச் சான்றிதழும் தருவதாக எழுதியது. இரண்டு மாதமாக வாரந்தோறும் நினைவூட்டுகிறது. மற்ற இரண்டிலிருந்து பதில் இல்லை. அப்பா பணத்தைக் கட்டிவிடச் சொல்கிறார். என்ன செய்வது, சார்?

பதில்: பணத்தைக் கட்ட வேண்டாம். நீங்கள் இணைத்து அனுப்பிய அவர்களுடைய மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். உங்கள் தலைப்பில் உள்ள 'சக்சஷன்' என்ற சொல்லை அவர்கள் 'சக்சஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். வாரிசுரிமைச் சட்டம் வெற்றிச் சட்டமாகிவிட்டது. எண்பத்தேழு அடிக்குறிப்புகள் கொண்ட கட்டுரையை இரண்டு மதிப்பாய்வாளர்கள் ஓர் இரவில் படித்து முடித்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. அதே இதழ் சட்டம், பல் மருத்துவம், கட்டடப் பொறியியல் ஆகிய மூன்றிலும் கட்டுரைகளை வரவேற்கிறது என்பதை அந்தக் கடிதத்தின் அடியிலேயே காணலாம். கட்டணம் கேட்பது மட்டுமே குற்றமாகிவிடாது. பிற துறைகளில் நல்ல இதழ்கள் சிலவும் கட்டணம் வாங்குகின்றன. படிக்காமலே ஏற்றுக்கொண்டு, அந்த ஏற்பை விற்பதுதான் இங்கே நடக்கிறது.

அவர்கள் காட்டும் இரண்டு முத்திரைகளைப் பற்றி உங்கள் அப்பாவுக்கும் சொல்லுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீடுகளுக்குத் தரப்படும் எட்டு இலக்க அடையாள எண். வீட்டுக்குக் கதவு எண் இருப்பதைப் போன்றதே தவிர, அந்த எண் வீட்டின் உறுதிக்குச் சான்றாகாது. 'யு.ஜி.சி. கேர் பட்டியலில் உள்ளது' என்று அவர்கள் எழுதியிருப்பதோ இன்னும் மோசம், ஏனென்றால் தரமான இதழ்களுக்கென வைத்திருந்த அந்தப் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு முறை வெளிவந்துவிட்டால், அதே கட்டுரையை நல்ல இதழ் எதுவும் பிறகு ஏற்காது. 2,500 ரூபாயைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது இதுதான். ஆகவே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்றே இரண்டு வரியில் எழுதி, அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று இதழ்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பியது உங்கள் பக்கத்துப் பிழை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் நடத்தும் இதழ்கள் அதை அனுமதிக்கின்றன. நம் நாட்டு இதழ்களில் பெரும்பாலானவை, கட்டுரை தங்கள் கையில் இருக்கும் வரை வேறெங்கும் அனுப்பக் கூடாது என்று நிபந்தனை விதிக்கின்றன. மற்ற இரண்டில் எது உங்களுக்கு முக்கியமோ அதை வைத்துக்கொண்டு, இன்னொன்றிடம் மன்னிப்புக் கேட்டு விலகிக்கொள்ளுங்கள். நேர்மையாக எழுதி விலகும் மாணவர் மீது பதிப்பாசிரியர் குழுவினர் கோபப்படுவதில்லை. இரண்டு இதழ்களும் ஏற்றுக்கொண்ட பிறகு விழித்துக்கொள்பவர் மீதுதான் கோபப்படுவார்கள்.

இனி கட்டுரைக்கு வருகிறேன். உள்ளே நல்ல சரக்கு இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. முதல் ஒன்பது பக்கங்களில் திருவிதாங்கூர் வரலாற்றைச் சொல்கிறீர்கள். மேரி ராய் வழக்கைப் பற்றி எழுதும் எல்லோரும் அந்த வரலாற்றை எழுதியிருப்பதால், மதிப்பாய்வாளர் நான்காம் பக்கத்திலேயே களைத்துவிடுவார். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்கு மகனுடைய பங்கில் நான்கில் ஒரு பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைத்தது. ஸ்திரீதனம் (சீதனம்) கொடுத்திருந்தாலோ கொடுப்பதாக வாக்களித்திருந்தாலோ அதுவும் இல்லை. 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இதைச் சொல்ல ஒரு பக்கம் போதும்.

யாரும் அதிகம் எழுதாதது அதற்குப் பிறகு வருகிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய, முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நம் மாவட்டத்தின் நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டன. மேரி ராய் வழக்கைக் கேரளத்தின் கதையாகவே படித்துப் பழகியவர்களுக்கு, அதே சட்டம் இங்கேயும் அமலில் இருந்ததும், சென்னை உயர் நீதிமன்றத்தில் அதற்கு முன்பே இதே கேள்வி எழுந்து, தனி நீதிபதி ஒருவர் ஒரு விதமாகவும் நீதிபதிகள் அமர்வு அதற்கு மாறாகவும் முடிவு செய்ததும் நினைவில் இருப்பதில்லை. 1951க்கும் 1986க்கும் இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் எழுதப்பட்ட பாகப் பிரிவினைகளின் கதி என்ன? இந்தக் கேள்வியை முதல் பத்தியிலேயே வையுங்கள்.

உங்கள் கட்டுரையின் உயிர் 61ஆம் அடிக்குறிப்பில் புதைந்து கிடக்கிறது. அப்பா இறந்த பிறகு மகள்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துச் சகோதரர்களுக்கு எழுதிக் கொடுத்த பதினொரு விடுதலைப் பத்திரங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்; அவற்றில் இரண்டு 1990களைச் சேர்ந்தவை; அந்த இரண்டிலும், 'எனக்குரிய ஸ்திரீதனம் பெற்றுத் திருப்தியடைந்தபடியால் மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை' என்ற அதே வாசகம் வருகிறது. நான் குழித்துறை நீதிமன்றத்தில் ஜூனியராக இருந்த காலத்தில் இந்த வாசகத்தை எத்தனையோ பத்திரங்களில் படித்திருக்கிறேன். சட்டம் மாறியும் பத்திரம் எழுதுபவரின் பேனா மாறவில்லை என்பதை ஆவணத்தோடு காட்டும் கட்டுரை ஒன்றை இதுவரை படித்ததில்லை. அடிக்குறிப்பிலிருந்து எடுத்து அதைக் கட்டுரையின் நடுவில் வையுங்கள். பெயர்களையும் ஊர்களையும் சர்வே எண்களையும் மறைத்துவிடுங்கள். அந்தப் பெண்கள் இன்னும் அதே தெருவில்தான் வாழ்கிறார்கள்.

ஆண்டுக் கணக்கையும் ஒரு முறை சரிபாருங்கள். அந்தத் திருவிதாங்கூர்ச் சட்டத்தின் பழைய பெயரான '1092ஆம் ஆண்டின் இரண்டாம் ரெகுலேஷன்' என்பதை ஓரிடத்தில் 1916 என்றும் இன்னோரிடத்தில் 1917 என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த 1092 கொல்லம் ஆண்டுக் கணக்கு. கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்க மாதத்தில் தொடங்குவதால், ஆங்கில ஆண்டைப் பெற டிசம்பர் வரை 824ஐயும் அதன் பிறகு 825ஐயும் கூட்ட வேண்டும். பழைய அரசிதழ்களை இணையத்தில் தேடி அலைவதற்குப் பதிலாக, திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். காலை ரயிலில் போனால் மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

எங்கே அனுப்புவது என்று கேட்டால், சட்டத்தையும் சமூகத்தையும் இணைத்துப் பார்க்கும் கட்டுரைக்குப் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி மாணவர்கள் நடத்தும் 'சோஷியோ லீகல் ரிவ்யூ' பொருந்தும், கொல்கத்தாவின் 'என்.யு.ஜே.எஸ். லா ரிவ்யூ' இன்னொரு வாய்ப்பு. டெல்லியில் உள்ள இந்தியச் சட்ட நிறுவனத்தின் இதழுக்கும் அனுப்பலாம். அங்கே மேற்கோள் காட்டும் முறை அவர்களுக்கே உரியது, மற்ற இடங்களில் 'புளூபுக்' அல்லது 'ஆஸ்கோலா' முறையைக் கேட்பார்கள். எந்த இதழானாலும் கட்டுரையை ஏழாயிரம் சொற்களுக்குள் கொண்டுவாருங்கள். எழுதியவர் யார் என்று தெரியாமல் மதிப்பிடுவார்கள் என்பதால், தலைப்புப் பக்கத்தில் மட்டுமல்லாமல் கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயரை நீக்குங்கள். 'என் சொந்த ஊரான தக்கலையில்' என்று உள்ளே ஓரிடத்தில் எழுதியிருப்பதும் அடையாளம்தான்.

காத்திருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. என்னுடைய முதல் கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் இதழ் காரணம் சொல்லவில்லை. என்னிடம் ஆண்டுச் சந்தாவையும் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டே நின்றுபோயிற்று. இரண்டாம் இதழ் மறுத்தாலும், முகம் தெரியாத ஒரு மதிப்பாய்வாளர் இரண்டு பக்கக் குறிப்பு எழுதியிருந்தார். அதன்படி திருத்தியதைத்தான் மூன்றாம் இதழ் ஏற்றது, அதுவும் பதினான்கு மாதம் கழித்து. மூன்று மாதம் ஆனதும் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கு முன் வேண்டாம்.

கேள்வி: நான் மார்த்தாண்டத்தைச் சேர்ந்த மூன்றாம் ஆண்டுச் சட்ட மாணவன். பிறர் எழுத்தை நகலெடுத்திருக்கிறதா என்று என் கட்டுரையைச் சோதித்தபோது 31 சதவீதம் ஒப்புமை வந்தது. பெரும்பகுதி சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும்தான். தவிரவும், செயற்கை நுண்ணறிவுச் செயலி கொடுத்த நான்கு வழக்குகளில் இரண்டை எங்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவற்றை அடிக்குறிப்பில் வைக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வைக்கக் கூடாது. கண்டுபிடிக்க முடியாத வழக்கு பெரும்பாலும் இல்லாத வழக்கு. 2023இல் நியூயார்க்கில் இப்படிப் புனையப்பட்ட தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கிடைத்த மற்ற இரண்டையும் கூட, தீர்ப்பின் முழு வாசகத்தைத் திறந்து, நீங்கள் சொல்லும் கருத்து எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்த்த பிறகே சேருங்கள்.

ஒப்புமைக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் பத்து சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. முறையாக மேற்கோள் காட்டிய பகுதிகளையும் சட்ட வாசகங்களையும் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. அவற்றை நீக்கிவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். தீர்ப்பை எடுத்தாள்வது பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(க்யூ) பிரிவின்படி மீறலாகாது. ஆனால் சட்ட அறிக்கைகளில் தீர்ப்புக்கு மேலே அச்சிடப்படும் தலைக்குறிப்பு நீதிபதி எழுதியது அல்ல, பதிப்பாளருடைய உழைப்பு. அதில் அவர்களுக்கு உரிமை உண்டு என்பது சட்டப் பதிப்பகமான ஈஸ்டர்ன் புக் கம்பெனியின் வழக்கில் 2007 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திய விஷயம். நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் தீர்ப்பு என்று நினைத்து நீங்கள் எடுத்தாண்டிருக்கும் மூன்று பத்திகளும் தலைக்குறிப்புகளே. உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் மூலத் தீர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அங்கிருந்து நீதிபதியின் சொற்களை எடுத்துப் பத்தி எண்ணோடு கொடுங்கள்.

கேள்வி: நான் நாகர்கோவிலில் ஜூனியர் வழக்கறிஞர். கல்லூரியில் எழுதிய கட்டுரையை இதழுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னபோது, சீனியர் தம் பெயரை முதலில் போடச் சொன்னார். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. மறுத்தால் அலுவலகத்தில் இருக்க முடியாது.

பதில்: எழுதாதவரை ஆசிரியராகக் காட்டுவது இதழின் உறுதிமொழிப் படிவத்தில் நீங்கள் பொய்க் கையெழுத்துப் போடுவதாகும், பின்னால் அது வெளிப்பட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள், அப்போது சீனியரின் பெயரும் சேர்ந்தே கெடும். இதை நேராகச் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருக்குமென்பதால், அந்தப் படிவத்தை அச்செடுத்து, 'சார், ஒவ்வோர் ஆசிரியரும் எந்தப் பகுதியை எழுதினார் என்று இதில் கேட்கிறார்கள், உங்களுக்கு என்ன எழுதட்டும்?' என்று அவரிடமே கொடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள். கட்டுரையைப் படித்து உருப்படியான திருத்தம் ஏதாவது சொன்னார் என்றால், முதல் அடிக்குறிப்பில் அவருக்கு நன்றி தெரிவியுங்கள். ஆனால் அந்த வரியைக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே சேர்க்க வேண்டும், மதிப்பாய்வுக்குப் போகும் பிரதியில் அது இருக்கக் கூடாது.