நண்பர்களோடு சேர்ந்து பழங்கால விமானத்தின் மாதிரி செய்ய ஆசை. "பறக்காத விமானத்துக்கு எதுக்குச் செலவு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். செய்யலாமா?

தாராளமாகச் செய்யுங்கள். பட்டறை வாசலில் எட்டிப்பார்க்கிற ஒவ்வொருவரும் எங்களிடம் முதலில் கேட்பது "பறக்குமா?" என்றுதான். பறக்காது என்றதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படும். அதனால்தான் எழுதுகிறேன்.

காரைக்குடி பக்கம் நாங்கள் நான்கு பேர். ஒருவன் வெல்டிங் பட்டறைக்காரன், ஒருவன் வாத்தியார், நான் மருந்துக்கடை, நாலாவது எங்களைவிட மூத்த ஆசாரி அண்ணன். எடுத்தது டைகர் மாத், நிஜ அளவில். 1931-இல் முதலில் பறந்த பயிற்சி விமானம், இரண்டு அடுக்கு இறக்கை. உடம்பு இரும்புக் குழாய், இறக்கை மரச்சட்டம், மேலே துணி. எங்கள் கைகளுக்குத் தெரிந்த வேலைதான்.

இந்த ஊரில் மரம் என்றால் தேக்குதானே? பழைய வீட்டு உத்தரம் ஒன்றை வாங்கி, அண்ணன் இழைத்து இழைத்து விலாச்சட்டங்களைச் செய்தார். தடவிப் பார்த்தால் கையை எடுக்க மனசு வராது. மாட்டினால் இறக்கை தொங்கிவிட்டது. அசல் விமானத்தில் ஸ்ப்ரூஸ் மரம், தேக்கு அதைவிட ஒன்றரை மடங்கு கனம். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அத்தனையையும் கழற்றி அடுக்கிவிட்டு, மறுநாள் பேக்கிங் பெட்டி பைன் பலகையில் முதலிலிருந்து தொடங்கினார்.

அந்த உத்தரம் எங்கள் தெருவிலேயே இடித்த வீட்டுடையது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரம். பங்காளிகளுக்குள் ஒத்துவரவில்லை என்று தூண், நிலை, கதவு எல்லாம் தனித்தனியாக விலை பேசி லாரியில் ஏற்றினார்கள். நூறு வருஷ வீடு ஒரே மாதத்தில் காலி மனை. அதை யாரும் "எதுக்கு?" என்று கேட்கவில்லை.

சரி, துணிக்கு வருகிறேன். காடாத் துணியை விலாவோடு சேர்த்துத் தைத்து, தண்ணீர் தெளித்து இறுக்கி, மரச்சாமானுக்கு அடிக்கிற லாக்கரைத் தின்னர் கலந்து நான்கு கை அடித்தோம். ஐப்பசி மழையில் அடித்தது தப்பு. ஈரக்காற்று பட்டு, சுண்ணாம்பு பூசியது போல இறக்கை முழுக்க வெளுத்துவிட்டது. வெயில் வந்த பிறகு தின்னரை மேலாக விசிறியதும் தெளிந்தது. இப்போது விரலால் சுண்டினால் தம்பட்டம் மாதிரி அதிரும். அந்தச் சத்தத்தை முதலில் கேட்ட ராத்திரி நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் குறை சொல்லலாம். அசலில் லினன் துணி, அதை இறுக்கிப் பிடிக்க டோப் என்ற பூச்சு. தெரிந்தேதான் மாற்றினோம், இது நிறுத்திவைத்துப் பார்க்கும் மாதிரி. பறக்கவிடும் எண்ணமிருந்தால் என் பேச்சைக் கேட்காதீர்கள், அதற்கு விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் சோதனையும் வேண்டும். பணக்காரர் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு: ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் போட்டோம், மூன்று வருஷம். இந்த ஊருக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு: இங்கே கல்லூரி கட்டிய வள்ளல் அழகப்பர் லண்டனில் விமானம் ஓட்டப் பழகியவர், ஜூபிடர் ஏர்வேஸ் நடத்தியவர். இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளம் செட்டிநாட்டில் இன்னும் கிடக்கிறது.

ஒன்று மட்டும், நிறுத்த இடத்தை முதலில் பாருங்கள். இறக்கை முனைக்கு முனை 29 அடி 4 அங்குலம், எங்கள் பட்டறை நீளம் 24 அடி. களத்தில் வைத்துத்தான் பூட்டினோம். இப்போது தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் கொட்டகை போட்டாக வேண்டும்.