அலுவலகம் புறநகரில், வீடு எங்கே? வாடகை வீடு தேடுவோருக்குக் கேள்வி பதில்

வேலை புறநகரில் கிடைத்துவிட்டது. நடந்து போகும் தூரத்தில், கையைக் கடிக்காத வாடகையில் ஒரு வீடு வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சுற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். குடியிருப்புத் திட்டமிடல் துறையில் இருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, புதிய அலுவலகம் நெடுஞ்சாலையை ஒட்டிய வளாகத்தில் இருக்கிறது. வரைபடத்தில் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு, உள்ளே விழும் அடுக்குமாடி வீடுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். சரியான வழிதானே?

பதில்: வட்டத்தை அழித்துவிடுங்கள். நாம் மதிலேறிக் குதித்து வேலைக்குப் போகிறவர்கள் இல்லை.

புறநகர் அலுவலக வளாகங்களில் பெரும்பாலானவை காரில் வருபவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. சுற்றிலும் மதில், ஒரே வாசல், அதுவும் நெடுஞ்சாலைப் பக்கம். உங்கள் வீட்டு ஜன்னலில் நின்றால் அலுவலகக் கட்டடம் தெரியும். போய்ச் சேர இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். புதிய குடியிருப்புப் பகுதிகளின் முட்டுச்சந்துகளும் இதே வேலையைத்தான் செய்யும். எனவே கட்டடத்திலிருந்து அளக்காதீர்கள். வளாகத்தின் வாசலிலிருந்து, நடக்கிற பாதை வழியாக அளந்து பாருங்கள். பின்வாசல் இருந்தால் அது காலையிலும் மாலையிலும் திறந்திருக்குமா என்று காவலாளியிடம் கேளுங்கள். பூட்டிய வாசல் கணக்கில் சேராது.

அடுத்தது நேரம். சாதாரண நடை நிமிடத்துக்கு 80 மீட்டர். ஜப்பானில் வீட்டு விளம்பரத்தில் நடை தூரத்தைச் சொல்ல இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். மிச்சம் சில மீட்டர் இருந்தாலும் அதையும் ஒரு நிமிடமாகக் கொள்ள வேண்டும். நல்ல விதி. ஆனால் சிக்னலில் காத்து நிற்பதும் மேடு ஏறுவதும் அதில் சேராது. வழியில் ஆறு தடச் சாலை ஒன்று குறுக்கிட்டால், பாதி கடந்து, நடுத்திட்டில் நின்று, மறுபடியும் பச்சை விளக்குக்குக் காத்திருந்து, மீதியைக் கடக்க வேண்டும். அங்கேயே சில நிமிடங்கள் போய்விடும்.

ஆகவே வீட்டைப் பார்ப்பதற்கு முன் வழியைப் பாருங்கள். ஒரு வேலைநாளில், அலுவலகம் தொடங்கும் நேரத்துக்கு, தினமும் தூக்கப்போகும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடங்கள். நடைபாதை எங்கே மின்மாற்றியில் முட்டி முடிகிறது? லாரி உரசிக்கொண்டு போகும் இடத்தில் ஒதுங்க இடம் உண்டா? மழைநீர் எவ்வளவு உயரம் தேங்கும் என்பதை மதிலில் படிந்திருக்கும் சேற்றுக் கோடு சொல்லும். இதையெல்லாம் எந்த வரைபடமும் காட்டாது.

கேள்வி: வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக்கூடாது என்கிறார்களே, அலுவலகத்துக்குப் பக்கத்தில் பார்த்த வீட்டின் வாடகை 36 சதவீதம் வருகிறது. விட்டுவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்த 30 சதவீதம் யாரோ கண்டுபிடித்த இயற்கை விதி இல்லை. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருப்பவர்களிடம் எவ்வளவு வாடகை வாங்கலாம் என்பதற்காக 1969-இல் 25 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். 1981-இல் அதை 30 ஆக உயர்த்தினார்கள். எல்லாரும் சொல்லிச் சொல்லி அது நமக்கும் சட்டமாகிவிட்டது.

வாடகையைத் தனியாகப் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது. வாடகையையும் போக்குவரத்துச் செலவையும் ஒரே வரியில் கூட்டுங்கள். சிகாகோவில் உள்ள சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு இப்படித்தான் கணக்கிடுகிறது. இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருந்தால் கட்டுப்படியாகும் என்பது அவர்கள் வரம்பு.

உங்கள் சம்பளம் 100 பங்கு என்று கொள்வோம். பக்கத்து வீட்டுக்கு வாடகை 36, அவ்வப்போது பஸ்ஸுக்கு 3, மொத்தம் 39. தொலைவில் உள்ள வீட்டுக்கு வாடகை 26. ஆனால் வாகனத் தவணை, காப்பீடு, எரிபொருள், பழுதுபார்ப்பு, நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 16 ஆனால் மொத்தம் 42. மலிவு எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. வாகனத்தை உண்மையிலேயே விட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பக்கத்தில் குடியேறிவிட்டு, காரையும் வாசலில் நிறுத்தி வைத்துத் தவணை கட்டிக்கொண்டிருந்தால், இரண்டு பக்கமும் நஷ்டம்.

கேள்வி: விளம்பரத்தில் இந்த வீட்டுக்கு வாக் ஸ்கோர் 82 என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். ஓர் இடத்தில் எவ்வளவு வேலையை நடந்தே முடிக்கலாம் என்று காட்ட 2007-இல் வந்த இந்த மதிப்பெண் 0 முதல் 100 வரை போகும். கடை, பள்ளி, பூங்கா போன்றவை எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதுதான் அதன் அடிப்படை: ஐந்து நிமிட நடைக்குள் இருந்தால் முழு மதிப்பெண், தூரம் கூடக் கூடக் குறைந்து, அரை மணி நடைக்கு அப்பால் சுழியம். 82 என்றால் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றை நடந்தே முடிக்கலாம் என்று பொருள். நிழல் உண்டா, விளக்கு எரிகிறதா, நடைபாதையில் கால் வைக்க முடியுமா என்பதற்கு அந்த எண்ணில் விடை இல்லை. உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது.

கேள்வி: அலுவலகத்தைச் சுற்றி இருப்பதெல்லாம் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் என்று விலை உயர்ந்த குடியிருப்புகள். என் சம்பளத்துக்கு அங்கே கழிப்பறைகூடக் கிடைக்காது. வேறு வழி?

பதில்: கோபம் நியாயமானதுதான். ஆனால் அலுவலகத்தின் காலடியில் வீடு வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

எந்தப் புறநகரும் வெறும் பொட்டலில் முளைப்பது அரிது. பக்கத்திலேயே ஒரு பழைய ஊர் இருக்கும்: ரயில் நிலையத்தை ஒட்டியோ, பழைய கடைத்தெருவை ஒட்டியோ. கார் பரவலாவதற்கு முன் கட்டப்பட்ட தெருக்கள் நடப்பவர்களுக்காகவே அமைந்தவை. வீடுகள் சிறியவை, சந்துகள் ஒன்றோடொன்று இணைந்தவை, கீழே கடை, மேலே வீடு. அங்கே தேடுங்கள். மின்தூக்கி இல்லாத மூன்றாவது மாடி, சாலையைப் பார்க்காத பின்பக்க வீடு, கடைக்கு மேல் உள்ள இரண்டு அறைகள் ஆகியவற்றின் வாடகை இறங்கியிருக்கும். இவற்றில் பல விளம்பரத்துக்கே வராது. கதவில் தொங்கும் அட்டையும் தெருமுனைக் கடைக்காரரும்தான் விளம்பரம். உரிமையாளர் அதே கட்டடத்தில் குடியிருந்தால் வாடகையைப் பேசிக் குறைக்கவும் இடம் உண்டு.

அங்கிருந்து அலுவலகத்துக்கு மாறி ஏற வேண்டாத ஒரே பஸ் இருந்தால் போதும். வேலைக்குப் போக ஒரு நாளில் இரண்டே பயணம். மருந்து வாங்க, துணி தேய்க்கக் கொடுக்க, குழந்தையை அழைத்துவர, சும்மா உலாவ என்று மற்றவை ஏராளம். அலுவலகத்துக்கு மட்டும் நடந்து, மீதி எல்லாவற்றுக்கும் வண்டி எடுக்க வேண்டிய வீட்டைவிட, அலுவலகத்துக்கு மட்டும் பஸ் ஏறி, மீதி எல்லாவற்றுக்கும் நடக்க முடிகிற வீடு எனக்கு உயர்ந்தது. இன்னொன்றும் உண்டு. நிறுவனம் நாளைக்கே வேறு வளாகத்துக்கு மாறலாம். நீங்களே வேலை மாறலாம். ரயில் நிலையம் அவ்வளவு எளிதாக இடம் மாறாது.

கேள்வி: தரகர் "ஐந்து நிமிட நடை" என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

பதில்: அவரையும் கூட்டிக்கொண்டு நடங்கள்.

கேள்வி: தம்பி, என் மகளுக்கு மாலை தொடங்கி நள்ளிரவில் முடியும் வேலை. நடந்து போகிற தூரத்தில் வீடு பார்க்கலாமா, வேண்டாமா? எனக்குத் தூக்கமே வரவில்லை.

பதில்: அம்மா, தூரம் குறைவாக இருப்பது நல்லதுதான். ஆனால் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேலை முடியும் அதே நேரத்தில், மகளும் இன்னொருவருமாக அந்த வழியில் ஒரு முறை போய்வரட்டும். தெருவிளக்கு எண்ணிக்கையைவிட முக்கியமானது, அந்த நேரத்தில் யார் கண்ணில் படுவோம் என்பது. தெருவைப் பார்த்த ஜன்னல்களும் திறந்திருக்கும் மருந்துக் கடையும் உள்ள வழி, சற்று நீளமானாலும் நல்லது. இருபுறமும் மதில் மட்டுமே ஓடுகிற நேர்வழி வேண்டாம். அலுவலக வளாகங்களின் ஓரம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

நிறுவனம் இரவில் வாகனம் தருகிறதா, வீட்டு வாசல் வரை வருமா, தெருமுனையில் இறக்கிவிடுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாகனம் உறுதியானால் வேலைக்கு நடக்கும் தூரத்தை மறந்துவிட்டு, மகளுக்குப் பகலில் பயன்படும் கடைகளும் மனிதர்களும் உள்ள இடமாகப் பார்க்கலாம். முடிவை அவர் எடுக்கட்டும், நடக்கப்போகிறவர் அவர்தானே.

கேள்வி: இப்போதிருக்கும் வீட்டிலிருந்து அலுவலகம் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வாடகை குறைவு, வீடு பெரியது. மாறத்தான் வேண்டுமா?

பதில்: ஆண்டுக்கு 220 வேலைநாள் என்றால் 440 மணி நேரம் சாலையில். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 55 நாள், சம்பளமில்லாமல். மனிதர்கள் சராசரியாக நாளொன்றுக்கு மொத்தம் ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994-இல் எழுதினார். நீங்கள் அதைப்போல இரண்டு மடங்கு கொடுக்கிறீர்கள். பொருளியலாளர்கள் புருனோ ஃபிரையும் அலோயிஸ் ஸ்டட்சரும் ஜெர்மனியின் தரவுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், நீண்ட தூரம் வேலைக்குப் போய்வருபவர்களின் மனநிறைவு குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ அந்தக் குறையை ஈடுகட்டவில்லை.

ஆனாலும் ரயிலில் உட்கார இடம் கிடைத்துப் படித்துக்கொண்டு போகிறவரும், நெரிசலில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவரும் ஒன்றல்ல. நீங்கள் எந்த வகை என்று எழுதவில்லை. இரண்டாவது வகை என்றால் மாறுங்கள்.

கேள்வி: கணவர் அலுவலகம் வடக்கே, என்னுடையது தெற்கே. நடுவில் வீடு பார்ப்பதுதானே நியாயம்?

பதில்: நியாயம்தான், இருவருக்கும் சமமான அலைச்சல். வரைபடத்தின் நடுப்புள்ளியில் பஸ்ஸும் இல்லாமல், கடையும் இல்லாமல் போகலாம். யாருக்கு வேலை நேரம் கறாரானது, குழந்தையை அழைத்துவரும் பொறுப்பு யாருக்கு, யார் வீட்டிலிருந்தே சில நாள் வேலை செய்ய முடியும் என்று பாருங்கள். அவசரத்தில் ஓடிவர வேண்டியவர் நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். மற்றவருக்கு நேரடி ரயிலோ பஸ்ஸோ கிடைக்கும் இடமாக அது அமையட்டும். ஒருவர் மட்டுமே தினமும் அலைவது உறுத்தினால், வீட்டு வேலையில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: நடக்கத்தான் வேண்டுமா? சைக்கிள் போதாதா?

பதில்: தாராளமாக. பத்து நிமிடத்தில் நடந்தால் 800 மீட்டர். நிதானமாகச் சைக்கிள் மிதித்தால் இரண்டரை கிலோமீட்டர். தூரம் மூன்று மடங்கு என்றால், வீடு தேடும் பரப்பு ஒன்பது மடங்குக்கும் மேல் விரிகிறது. வாடகை இறங்குவதும் அந்தப் பரப்பில்தான். கேட்க வேண்டியவை இரண்டு: வண்டியை மாடிக்குத் தூக்காமல் கீழே பூட்டி வைக்க இடம் உண்டா, அலுவலகத்தில் முகம் கழுவிச் சட்டை மாற்ற வசதி உண்டா.

கேள்வி: வேலையில் இன்னும் நிரந்தரமாகவில்லை. நல்ல வீடு ஒன்று அமைந்திருக்கிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறார்கள். போட்டுவிடலாமா?

பதில்: நிரந்தரமாகும் முன் இரண்டு ஆண்டுக்குக் கட்டுப்படாதீர்கள். முடிந்தால் முதல் சில வாரங்கள் அதே பகுதியில் தற்காலிக அறை ஒன்றில் தங்குங்கள். எந்தச் சாலை மாலையில் கடக்க முடியாதது, எந்த பஸ் வராமலே போகும், அலுவலகத்தில் உண்மையில் எத்தனை நாள் நேரில் வரச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

அந்த வீடு கைநழுவிவிடும் என்ற பயம் இருந்தால், கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைப் பேசுங்கள்: வேலை போனாலோ மாற்றலானாலோ எத்தனை நாள் முன்னறிவிப்பில் காலி செய்யலாம், அப்போது முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், உங்களுக்குப் பதில் வேறொருவரைக் குடிவைக்க அனுமதிப்பார்களா. உரிமையாளர் வாயால் ஒப்புக்கொண்டால் போதாது. ஒப்பந்தத்தில் அந்த வரிகள் இருக்க வேண்டும். எழுத மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.