குச்சியை எடுப்பவர் யார்?

கேள்வி: எங்கள் தோட்ட மண்டபத்துக்கு ஓர் அரசு சாரா அமைப்பினர் வந்து, கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியை இலவசமாக வைத்துவிடுவதாகக் கூறுகின்றனர். எனக்கு இரண்டு பிள்ளைகள். வெளிநாட்டுப் பணத்தில் நம் இனத்தைக் குறைக்க வருகிறார்கள் என்று மாமியார் தடுக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் மாமியாரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் அவசரநிலை நடப்பில் இருந்த 1976-77இல் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் வற்புறுத்தி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் ஏராளம். எத்தனை பிள்ளைகள், எப்போது என்பதைத் தம்பதியரே தடையின்றித் தீர்மானிக்க வேண்டும், அதற்கு இலக்கு வைத்து ஆள் சேர்க்கக் கூடாது என்று 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள் ஏற்றுக்கொண்டதற்கு இத்தகைய கசப்பான அனுபவங்களும் காரணம்.

ஆயினும் தன்னார்வ அமைப்புகளின் குடும்பத் திட்டமிடல் பணி நம் மலேசியாவுக்குப் புதிதன்று. 1953இல் சிலாங்கூரில் தன்னார்வலர்கள் குடும்பத் திட்டமிடல் சங்கத்தைத் தொடங்கினர். மாநிலச் சங்கங்களின் கூட்டமைப்பு 1958இல் உருவானது. அரசாங்கத்தின் வாரியம் அமைந்தது 1966இல்தான். இன்று நாம் எல்பிபிகேஎன் (தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்) என்று அழைப்பது அந்த வாரியத்தின் வழிவந்த அமைப்பையே.

வெளிநாட்டு நன்கொடை வருவதைக் காட்டிலும் அது திடீரென நின்றுபோவதே எனக்குக் கவலை தருகிறது. கருக்கலைப்புச் சேவை அளிக்கும் அயல்நாட்டு அமைப்புகளுக்குக் குடும்பத் திட்டமிடல் நிதி இல்லை என்று அமெரிக்கா 1984இல் விதித்த நிபந்தனை, அங்கே ஆட்சி மாறும்போதெல்லாம் நீங்குவதும் திரும்புவதுமாக இருக்கிறது. பணம் நின்றால் அமைப்பினரின் வண்டி உங்கள் தோட்டத்துக்கு வராது. உங்கள் கையில் வைத்த குச்சியோ அங்கேயே இருக்கும்.

ஆகவே, வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, பக்கவிளைவு தாங்க முடியாமல் போனாலோ, மறுபடி பிள்ளை வேண்டுமென்றாலோ அதை எங்கே, யார் எடுப்பார்கள், அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதே. குச்சி, அதன் வகையைப் பொறுத்து 3 முதல் 5 ஆண்டு வரை பயன்தரும். எடுத்தபின் கருத்தரிக்கும் திறன் விரைவில் திரும்பும். மாதவிடாய் ஒழுங்கு மாறக்கூடும் என்பதை அவர்களே முன்கூட்டிச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். மாத்திரை, ஊசி, கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி, ஆணுறை பற்றியெல்லாம் பேசாமல் குச்சியை மட்டுமே புகழ்கிறவர்களிடம் அன்றே கையை நீட்டாதீர்கள். அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் தாதியிடம் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். முடிந்தால் மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.