குறுந்தொகைக் குருகும் தைலவண்ணமும்

அன்புள்ள ஐயா,

தக்கலை அருகே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ரவிவர்மாவின் சகுந்தலை ஓவியங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தபின், குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாடலைத் தைலவண்ணத்தில் வரையலாம் என்று தோன்றியது. கலங்கிய முகத்துடன் தலைவி, அருகே தோழி, பின்னால் ஓடையும் குருகு என்னும் நீர்ப்பறவையும் என மாதிரிப் படமும் போட்டுவிட்டேன். பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்களில் உள்ள செங்காவி, மஞ்சள், இலைப்பச்சை, சுண்ணாம்பு வெள்ளை ஆகியவற்றை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து வரைந்தால் நம் மரபும் அதில் சேருமல்லவா? உடன் பணிபுரியும் தமிழாசிரியரோ, தைலவண்ணம் ஐரோப்பியரிடமிருந்து வந்தது, சங்கப் பாடலுக்கு ஒவ்வாது என்கிறார். மேலும், அரண்மனையின் மேல்தளத்து ஓவியங்களை எங்களைப் போன்றவர்கள் பார்க்க வழி உண்டா?

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

தமிழாசிரியரின் தடையை முதலில் பார்த்துவிடலாம். அதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. தைலவண்ணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பது உண்மைதான். ஆனால் 1848இல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தபோது, அங்கே அந்த வித்தையை அறிந்திருந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசுவாமி நாயுடு. அவருக்குக் கற்றுத்தர மனமில்லை. அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் மறைவாகச் சொல்லிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் தாம் வரைவதை அருகில் நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளமும் விளவங்கோடும் அன்று அதே திருவிதாங்கூருக்குள் இருந்தவைதாம். ஒன்றரை நூற்றாண்டாக இங்கே புழங்கும் ஒரு முறையை இனியும் அந்நியம் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உங்கள் படத்துக்கு உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. தைலவண்ணம் மெல்ல உலர்வதால் ஒளியையும் நிழலையும் ஒன்றோடொன்று இழைத்துத் தோலையும் பட்டுத்துணியையும் கண்ணீரையும் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிடும். அதனாலேயே, செய்யுளில் ஒருவர் வாய்ச்சொல்லாக மட்டும் இருப்பதை அது நடந்தேவிட்ட செய்தியாக மாற்றிவிடும். காலில் தைத்த முள்ளைப் பார்க்கும் சாக்கில் சகுந்தலை திரும்பிப் பார்க்கும் ரவிவர்மாவின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காளிதாசனின் நாடகத்தில், முதல் அங்கத்தின் முடிவில் அவள் ஏதோ சாக்கில் தயங்கி அரசனைப் பார்த்தபடி போகிறாள். அந்தத் தயக்கத்துக்கு விரிவாகப் பொருள் சொல்பவன், இரண்டாம் அங்கத்தில் விதூஷகனோடு பேசும் துஷ்யந்தன்: சில அடிகள் நடந்தவள் தர்ப்பை முனை குத்தியதாகக் காரணமின்றி நின்றாள், கிளையில் சிக்காத மரவுரியை விடுவிப்பவள்போல முகத்தைத் திருப்பினாள் என்கிறான். அதே அங்கத்தின் தொடக்கத்தில், காதல்வயப்பட்டவன் எல்லாவற்றையும் தனக்கென்றே காண்கிறான் என்று தன்னையே எள்ளிக்கொண்டவனும் அவன்தான். காளிதாசன் வைத்த அந்த நுண்ணிய ஐயம் ரவிவர்மாவின் திரைச்சீலையில் இல்லை. அங்கே அவள் ஐயத்துக்கு இடமில்லாமல் திரும்பிப் பார்க்கிறாள். முள் இல்லை என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. சகுந்தலையின் மனம் பின்னால் கதையிலேயே வெளிப்பட்டுவிடுவதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை. அவருடைய படங்கள் நாடக மேடைக் காட்சிகளைப் போலிருக்கின்றன என்று கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி குறை சொன்னதில் பாதி நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். மறுபாதி, மேடைக் காட்சியை அப்படித் தத்ரூபமாக வரைய எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்பதை எண்ணாமல் சொன்னது.

கபிலரின் பாடலில் இந்த ஐயம்தான் முழுப் பொருளும். தலைவன் தன்னைக் களவாகக் கூடியபோது வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான். ‘தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ’, அவனே அதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன், என்கிறாள் தலைவி. அங்கிருந்தது ஒரு குருகு. தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களுடன் ஓடும் நீரில் ஆரல்மீனை எதிர்பார்த்து நின்ற அது, இவர்களைப் பார்த்ததா என்பதே தெரியாது. நீங்கள் தலைவியின் கலங்கிய முகத்தை ரவிவர்மாவைப் பின்பற்றித் தீட்டினால், பார்ப்பவர் கண் முகத்திலேயே நின்றுவிடும். சான்று சொல்ல வேண்டிய பறவை பின்னணி அலங்காரமாகச் சுருங்கிவிடும். சங்கப் பாடலின் தலைவிக்குப் பெயரும் இல்லை, முகவருணனையும் இங்கே இல்லை. தமயந்தி அன்னத்தின் சொல்லைக் கேட்டு நிற்கும் 1899ஆம் ஆண்டுப் படத்தில் சிவப்புச் சேலையும் சாய்ந்த நிலையும் பொருந்துவதற்குக் காரணம், நளன் கதையை அறிந்த எவருக்கும் அவள் யார் என்பது தெரியும் என்பதுதான். ஆகவே மனிதர்களை விட்டுவிட்டுக் குருகையும் நீரையும் மட்டும், நீர்மட்டத்துக்கு அருகிலிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள் என்பதே என் யோசனை. ஓடும் நீர், அடியில் ஒளிர்நிறம் பூசி அதன்மேல் எண்ணெய் கலந்த மெல்லிய ஒளிபுகும் பூச்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றும் முறைக்கென்றே அமைந்தது. சுவரோவியத்தில் அந்த ஆழம் கிடைக்காது.

பறவையின் நிலையைத் தேரூர்க் குளத்தில் பாருங்கள். மடையான் என்னும் குளத்துக் கொக்கு கழுத்தைத் தோள்களுக்குள் இழுத்துக்கொண்டு, அசைவின்றி, கண்ணை நீரைவிட்டு எடுக்காமல் நிற்கும். ஆனால் குளத்தைப் பின்னணியாக்க வேண்டாம். பாடல் குறிஞ்சித் திணை, ‘ஒழுகுநீர்’ என்று கபிலரே சொல்லியிருக்கிறார். நீரைக் காளிகேசம் பக்கத்து மலையோடையில் பார்த்து எழுதுவதே பொருத்தம்.

இனி வண்ணங்கள். சுவரோவிய மரபில் சுண்ணாம்புக் காரைமேல் இளநீர் கலந்த சுண்ணாம்பைப் பலமுறை பூசி, அது காய்ந்தபின் வேப்பம்பிசின் கலந்த நிறங்களைத் தீட்டுவார்கள். அது நீரும் பிசினும் சேர்ந்த முறை, உங்களுடையது எண்ணெய். செங்காவியும் மஞ்சட்காவியும் மண்ணிலிருந்து வருபவை என்பதால் எண்ணெயில் நன்றாகவே இணங்கும், நிறமும் மங்காது. நன்கு சலித்து, ஆளிவிதை எண்ணெய் விட்டு, அம்மியில் மஞ்சள் அரைப்பதுபோல் நெடுநேரம் அரைத்தால் போதும். விளக்குக் கரியும் ஆகும், உலர நாளாகும் அவ்வளவுதான். பச்சையில் கவனம் தேவை: நீல அமரியையும் (அவுரி) மஞ்சள் மரப்பிசினையும் கலந்து எடுக்கும் அந்தப் பச்சை, வெளிச்சத்தில் நிறம் இழக்கும். குருகின் கால்களுக்கு அது வேண்டியதும் இல்லை. மஞ்சட்காவியில் சிறிது விளக்குக் கரியைச் சேர்த்தாலே தினைத்தாளின் மங்கிய பசுமை வந்துவிடும். சுண்ணாம்பை மட்டும் எக்காரணம் கொண்டும் எண்ணெயில் சேர்க்காதீர்கள். இரண்டும் வினைபுரிந்து சோப்பாகிவிடும். அதற்குப் பதில் சுண்ணக்கட்டித் தூளைச் சேர்த்தாலும் எண்ணெயில் வெண்மை இழந்து கலங்கலாகத்தான் தெரியும். ரவிவர்மா காலத்து ஓவியர்கள் கையாண்ட ஈய வெள்ளை நஞ்சு, பள்ளிக்குள் அது கூடாது. கடையில் கிடைக்கும் டைட்டானியம் வெள்ளையே போதும்.

ஆளிவிதை எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சி இறுகுகிறது. எனவே அடிப்பூச்சில் டர்பன்டைன் கூடுதலாகவும் மேலே போகப்போக எண்ணெய் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால், மேற்பூச்சு முதலில் இறுகி, அடியிலுள்ளது பின்னர் அசையும்போது வெடித்துவிடும். துணியில் எண்ணெய் நேரடியாகப் பட்டால் இழை இற்றுப்போகும் என்பதால் முதலில் விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வச்சிரப்பசை பூசுவது பழைய வழக்கம். ஆனால் ஜூனில் ஒரு மழையும் அக்டோபரில் இன்னொரு மழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் அந்தப் பசை ஈரத்தை இழுத்துப் பூசணம் பிடிக்கும், துணியும் தளரும். நானாக இருந்தால் மரபை இந்த ஓர் இடத்தில் விட்டுவிட்டு கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசுவேன். வேலையை ஜனவரியில் தொடங்குங்கள். வார்னிஷ் பூசுவதற்கு, முடித்தபின் ஓராண்டு பொறுத்திருப்பது நல்லது.

பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும், மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956க்குப் பிறகும் அது கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. உப்பரிகை மாளிகையின் மேல்தளம் பொதுப் பார்வையாளருக்குத் திறந்துவிடப்படுவதில்லை. ஓவிய ஆசிரியை என்ற முறையில், காரணத்தைக் குறிப்பிட்டு, பள்ளியின் கடிதத்தோடு அத்துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சகுந்தலையையும் தமயந்தியையும் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலுள்ள ராஜா ரவிவர்மா கலைக்கூடத்தில் நேரில் பார்த்துவிட்டுத் தூரிகையை எடுப்பது நல்லது. அரண்மனைக்கும் கலைக்கூடத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை.