பால் வெள்ளையாகத்தான் இருக்கிறது, மடி நலமா? – வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மடியைப் பற்றியவை. பல கேள்விகள் ஒரே இடத்தைச் சுற்றி வந்ததால் சிலவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு மாடும் வேளைக்கு எவ்வளவு கறக்கிறது என்ற கணக்கு உங்களிடம் இருந்தால் இந்தப் பதில்கள் இரண்டு மடங்கு பயன்படும். நான் எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் மாட்டைத் தொடுவதற்கு முன்பு கேட்பது அந்த நோட்டைத்தான்.

கேள்வி: ஒரு மாடு வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் குறைவாகக் கறக்கிறது. தீவனம் மாற்றவில்லை. மடியில் வீக்கமோ சூடோ இல்லை. பாலும் வெள்ளையாக, திரி திரியாக எதுவும் இல்லாமல்தான் இருக்கிறது. இதை மடிநோய் என்று சொல்ல முடியுமா?

சொல்ல முடியும், சோதித்துப் பார்த்தபின். கண்ணுக்குத் தெரியும் மடிநோயைவிடத் தெரியாத மடிநோய்தான் மந்தைகளில் அதிகம். இதை மறைமுக மடிநோய் என்கிறோம். கிருமி காம்புத் துளை வழியாக உள்ளே போனதும் அதை எதிர்க்க ரத்தத்தில் இருந்து வெள்ளை அணுக்கள் மடிக்குள் இறங்குகின்றன. இந்தச் சண்டையில் பால் சுரக்கும் திசு அடிபடுகிறது. பாலின் சர்க்கரையான லாக்டோஸ் குறைகிறது, பால் புரதமான கேசின் குறைகிறது. ரத்தத்தில் உள்ள சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசிகின்றன. அதனால்தான் சில நேரம் பால் லேசாக உப்புக் கரிக்கிறது, உறை ஊற்றினால் இறுகாமல் தளர்வாக நிற்கிறது. இத்தனையும் நடந்த பிறகும் பால் வெள்ளையாகவே இருக்கும்.

இதைத் தொழுவத்திலேயே கண்டுபிடிக்க கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை இருக்கிறது. சுருக்கமாக சி.எம்.டி. ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் 1957-ல் வெளியிட்ட முறை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதைவிட எளிதான, மலிவான இன்னொரு சோதனையை நான் கையில் எடுத்ததில்லை. நான்கு குழி உள்ள தட்டு, ஒரு புட்டி சோதனைத் திரவம், அவ்வளவுதான். முதல் மூன்று பீச்சுப் பாலைத் தனியாக ஒரு கறுப்புக் கிண்ணத்தில் எடுத்துப் பாருங்கள். திரி, தண்ணீர்த்தன்மை எல்லாம் கறுப்பில்தான் தெளிவாகத் தெரியும். அப்புறம் ஒரு காம்புக்கு ஒரு குழி என்று பீச்சி, தட்டைச் சாய்த்து மிச்சத்தை வழியவிடுங்கள். குழிக்குச் சுமார் 2 மில்லி நிற்கும். அதே அளவு திரவம் ஊற்றி, பத்து விநாடி வட்டமாகச் சுழற்றிக்கொண்டே பாருங்கள். நிறுத்தி வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றால் முடியாது. லேசான மாற்றம் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும்.

ஒரு தொழுவத்தில் நான் இதைச் செய்தபோது உரிமையாளர் தட்டைக் குனிந்து பார்த்தபடி நின்றார். மூன்று குழிகளில் திரவம் தண்ணீர் போலச் சுழன்றது. நான்காவதில் சுழலச் சுழல நடுவில் திரண்டு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி மேடாக எழுந்தது. தட்டைச் சாய்த்தால் மொத்தமாக ஒரே துண்டாக வழுக்கியது. அந்த மாட்டைப் பல வருடம் தன் கையால் கறந்தவர் அவர். "இந்தப் பாலையா நான் மற்றதோடு கலந்தேன்" என்று மெதுவாகக் கேட்டார். அவர் மேல் தவறில்லை. கண்ணால் பார்த்தால் நான்கு குழியும் ஒன்றுதான்.

லேசாகக் கொழகொழத்துச் சுழற்றும்போதே மறைந்தால் சந்தேகம். தெளிவாகக் கெட்டியானால் அந்தக் காம்பில் நோய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உருண்டு மேடானால் அந்தப் பாலில் மில்லிக்கு 50 லட்சம் அணுக்களுக்கு மேல் இருக்கும்.

கேள்வி: சோதனைத் திரவத்துக்குப் பதில் சோப்புத் தூள் கரைசல் போதாதா?

அடிப்படை ஒன்றுதான். சோப்பு அணுவின் சவ்வை உடைக்கிறது, உள்ளே இருக்கும் டி.என்.ஏ. வெளியே வந்து பாலைக் கெட்டியாக்குகிறது. ஆனால் கரைசல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அடர்த்தியில் இருக்கும். போன மாதத்து முடிவை இந்த மாதத்தோடு ஒப்பிட முடியாது. அவசரத்துக்குப் பார்க்கலாம், கண்காணிப்புக்கு வேண்டாம்.

கேள்வி: மாடு ஈன்று இரண்டே நாள். சோதித்ததில் நான்கு காம்பும் கெட்டியாகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். சீம்பால் நாட்களில் நல்ல மடியிலும் அணுக்கள் கூடுதலாகத்தான் இருக்கும். நான்கும் ஒரே மாதிரி கெட்டியானால் ஒரு வாரம் பொறுத்துத் திரும்பச் செய்யுங்கள். மூன்று லேசாகவும் ஒன்று மட்டும் அழுத்தமாகவும் இருந்தால் அந்த ஒன்றைக் குறித்து வையுங்கள். வற்றுவதற்குச் சில நாள் முன்பு, பால் மிகவும் குறைந்த நிலையிலும் இதே குழப்பம் வரும்.

கேள்வி: எங்கள் தொட்டிப் பாலில் சோமாட்டிக் செல் எண்ணிக்கை மில்லிக்கு 2,95,000 என்று வந்திருக்கிறது. வரம்புக்குள் இருப்பதாகச் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா?

இந்த எண்ணிக்கை மடியிலிருந்து பாலுக்கு வரும் உடல் அணுக்களின் கணக்கு. பெரும்பாலும் வெள்ளை அணுக்கள். வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 4 லட்சம், அமெரிக்காவில் 'ஏ' தரப் பாலுக்கு 7.5 லட்சம். இவை பாலை வாங்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்கான எல்லைகள். உங்கள் மந்தை நலமாக இருக்கிறது என்று அவை சொல்லவில்லை. நலமான மடியில் பொதுவாக 1 லட்சத்துக்கும் கீழேதான் இருக்கும். ஒரு மாட்டின் பாலில் 2 லட்சத்தைத் தாண்டினால் ஏதாவது ஒரு காம்பில் தொற்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும்.

தொட்டி எண் ஒரு சராசரி என்பதை மறக்கக்கூடாது. 20 மாடுகள் ஒரே அளவு கறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 19 மாடுகளில் தலா 1 லட்சம், ஒன்றில் மட்டும் 40 லட்சம். கூட்டினால் 59 லட்சம், இருபதால் வகுத்தால் 2,95,000. உங்கள் எண்ணே அதுதான். ஒரே மாடு தொட்டி எண்ணை ஏறத்தாழ மூன்று மடங்காக்கிவிடும். எல்லா மாடும் 3 லட்சத்தில் இருந்தாலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும். முதல் நிலையில் ஒரு மாட்டைக் கவனித்தால் போதும், இரண்டாவதில் கறவை முறையையே மாற்ற வேண்டும். எது உங்கள் நிலை என்று தொட்டி சொல்லாது. மாதம் ஒருமுறை மாடு வாரியாக எண்ணிப் பாருங்கள், முடியாவிட்டால் சி.எம்.டி. தட்டோடு எல்லா மாட்டையும் ஒரு சுற்று வாருங்கள்.

போன மாதம் சுத்தமாக இருந்து இந்த மாதம் 2 லட்சத்தைத் தாண்டியவை புதிய தொற்றுகள். இரண்டு மாதமும் தாண்டியவை பழையவை. நான் முதலில் எண்ணுவது புதியவற்றைத்தான். அவை கூடிக்கொண்டே போனால் இப்போதும் ஏதோ ஒரு வழியில் மாட்டுக்கு மாடு, அல்லது தரையிலிருந்து மாட்டுக்கு, கிருமி போய்க்கொண்டிருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் பழைய மாடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் கை ஓயுமே தவிர எண் இறங்காது.

கேள்வி: செல் எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, ஆனால் பாக்டீரியா எண்ணிக்கை மட்டும் ஏறிவிட்டது. மடிநோயா?

பெரும்பாலும் இல்லை. சோமாட்டிக் செல் மாட்டின் அணு, வெளியில் வைத்தால் பெருகாது. பாக்டீரியா பெருகும். எனவே கறந்த பிறகு பாலுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். ஈரக் காம்போடு கறந்தார்களா, கழுவும் தண்ணீர் சுத்தமா, பால் இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதா. குழாய்களின் வளைவில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், வழுவழுப்பாக ஒரு படலம் தட்டுப்பட்டால் காரணம் அதுதான். வெந்நீரும் காரமும் கொழுப்பையும் புரதத்தையும் எடுக்கும். தண்ணீர் உப்பும் பால் உப்பும் படிந்த கல் போன்ற படிவுக்கு அமிலக் கழுவல் வேண்டும்.

கேள்வி: கறந்த பிறகு காம்பை மருந்தில் முக்குவது உண்மையிலேயே தேவையா?

தேவை. ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கறந்து முடித்ததும் காம்புத் துளை உடனே மூடிக்கொள்வதில்லை, அரை மணி நேரத்துக்கு மேலும் திறந்திருக்கும். காம்பு முழுவதும் முங்க வேண்டும், நுனியில் மட்டும் தொட்டு எடுப்பது போதாது. முக்கி எடுத்தபின் அந்த அரை மணி நேரம் மாடு படுக்காமல் இருக்க புதுத் தீவனம் போடுங்கள். சாப்பிட நிற்கும் மாடு படுக்காது.

கேள்வி: இயந்திரம் வாங்கிய பிறகுதான் மடிநோய் கூடியது. இயந்திரமே கெடுதலா?

இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் காம்பு நுனியைப் பாருங்கள். கறவைக் குழலை எடுத்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். நுனியில் வெள்ளை வளையம் தடித்து, சொரசொரப்பாக, பூ விரிந்த மாதிரி இருந்தால் அதிக வெற்றிடம், அல்லது பால் நின்ற பிறகும் இயந்திரம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சொரசொரப்பில்தான் கிருமி குடியிருக்கும்.

பலர் கவனிக்காதது உள்ளே இருக்கும் ரப்பர் உறை. சாதாரண ரப்பர் என்றால் சுமார் 2,500 கறவைக்கு மேல் வைக்கக்கூடாது. 20 மாடு, இரண்டு வேளை, இரண்டு கறவைத் தொகுதி என்றால் ஒரு தொகுதிக்கு நாளொன்றுக்கு 20 கறவை. அதாவது 125 நாள், நான்கு மாதத்துக்குச் சற்று மேல். இரண்டு வருடமாக மாற்றாத உறைகளை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். உட்புறம் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

இன்னொன்று, காம்பைத் தொட்டுத் துடைத்து முன்பால் எடுத்த பிறகு ஒரு நிமிடமாவது விட்டு மாட்டுங்கள், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தாமதிக்காதீர்கள். பாலை இறங்க வைக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் மடிக்கு வந்து மாடு சுரப்பு விட அவ்வளவு நேரம் ஆகிறது.

கேள்வி: பால் மஞ்சள் தண்ணீராக வருகிறது. மாடு தீவனம் எடுக்கவில்லை, காது சில்லென்று இருக்கிறது, படுத்தால் எழவில்லை.

தயவுசெய்து இதைக் கடிதத்தில் கேட்காதீர்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஈ.கோலை போன்ற கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கலந்தால் ஒரே நாளில் மாடு போய்விடும். இது மணிக்கணக்கில் எண்ண வேண்டிய நோய்.

கேள்வி: ஒரு காம்புக்கு மட்டும்தான் மருந்துக் குழாய் ஏற்றினோம். மற்ற மூன்று காம்பின் பாலை ஊற்றலாமா?

கூடாது. மருந்து ரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளுக்கும் வரும். நான்கு காம்பின் பாலையும், மருந்தின் மேல் எழுதியுள்ள நாள் முடியும்வரை ஒதுக்குங்கள். காய்ச்சினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். மாட்டின் காலில் ஒரு சிவப்புப் பட்டை கட்டுங்கள். மறுவேளை கறக்க வருபவர் வேறு ஆளாக இருப்பார். தொட்டியில் மருந்து கலந்த பெரும்பாலான சம்பவங்களில் நடந்தது இதுதான்.

கேள்வி: அடுத்த ஈற்றுக்கு முன் கறவையை நிறுத்தி வற்ற வைக்கும்போது எல்லா மாட்டுக்கும் ஆன்டிபயாடிக் குழாய் ஏற்றுவது வழக்கம். இப்போது வேண்டாம் என்கிறார்களே?

1960-களில் இருந்து அதுதான் பாடம், பலனும் தந்தது. ஆனால் தொற்றே இல்லாத மடிக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர இடம் கொடுக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரியில் இருந்து இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஏற்றுவதற்கு அனுமதி இல்லை. கடைசி மூன்று மாதமும் 2 லட்சத்துக்குக் கீழே இருந்து, அந்தக் கறவையில் மடிநோயும் வராத மாட்டுக்குக் காம்பை உள்ளே அடைக்கும் பிஸ்மத் பசை மட்டும் போதும். மற்றவற்றுக்கு ஆன்டிபயாடிக்கும் பசையும். மாடு வாரியான பதிவு இல்லாதவர்கள் இந்த முடிவை எடுக்க முடியாது. அவர்கள் முதலில் பதிவைத் தொடங்கட்டும்.

ஏற்றும் விதத்தில் கவனம் வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் தூரத்துக் காம்புகளை முதலில் துடையுங்கள், பக்கத்தில் உள்ளவற்றைக் கடைசியில். ஏற்றும்போது நேர்மாறாக, பக்கத்துக் காம்பு முதலில். அப்போதுதான் துடைத்த காம்பில் உங்கள் கை உரசாது. குழாயின் முனை சில மில்லிமீட்டர் நுழைந்தால் போதும், முழுதும் செருகாதீர்கள்.

கேள்வி: நல்ல மாடு. ஒரே காம்பில் நான்காவது தடவை மடிநோய். ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒருமுறை 'கிருமி இல்லை' என்று வருகிறது, மறுமுறை ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்கிறார்கள். எதை நம்புவது? விற்கவும் மனமில்லை.

இரண்டாவதை நம்புங்கள். இந்தக் கிருமி மடித்திசுவுக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளாக ஒளிந்துகொள்ளும். பாலில் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஒருமுறை இல்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. மாதிரி எடுக்கும்போது முன்பாலைத் தள்ளிவிட்டு, பஞ்சில் அழுக்கு வராதவரை காம்பு நுனியைத் துடைத்து, சீசாவைச் சாய்த்துப் பிடித்து எடுங்கள். நேராகப் பிடித்தால் மடியிலிருந்து ஒரு முடி விழுந்தாலே மாதிரி கெட்டுவிடும்.

பழைய தொற்று என்றால் மருந்து பலிக்கும் வாய்ப்பு குறைவு. உங்கள் மனக்கஷ்டம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஐந்தாவது சுற்று மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஒரு காம்பை மட்டும் மருத்துவர் உதவியோடு நிரந்தரமாக வற்ற வைக்கலாம், மூன்று காம்போடு பல மாடுகள் நன்றாகவே கறக்கின்றன. இந்தக் கிருமி கறப்பவரின் கையிலும் துணியிலும் குழலிலும்தான் பயணம் செய்யும். எனவே முதல் ஈற்றுக் கிடேரிகளை முதலில் கறந்து, நலமான மாடுகளை அடுத்துக் கறந்து, இவளைக் கடைசியாகக் கறங்கள். இவளுக்கென்று தனித் துணி வையுங்கள். கட்டுப்படாமல் மற்ற காம்புக்கும் பரவினால் மந்தையிலிருந்து விலக்க வேண்டி வரும். அப்போது வாங்க வருபவரிடம் அந்த ஆய்வக முடிவைக் காட்டுங்கள், அவர் வீட்டிலும் மாடுகள் இருக்கும்.